வேப்பிலையில் வைத்த போன்

சந்தவாசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ‘மஞ்சுளா மொபைல்ஸ்’ என்று போர்டு தொங்குகிறதே, அது என் கடைதான். எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில். வைரஸ் என்று யாராவது வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

அன்று மலையிலிருந்து இறங்கி வந்த ராணியம்மாள், மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வேப்பிலை. அதற்கு நடுவே ஒரு போன்.

“இன்னாக்கா, போனுக்கு அம்மை போட்டுக்கீதா?”

“செவப்பா எழுத்து வந்து வந்து நிக்குதும்மா. வைரஸ்னு பஸ்ல ஒருத்தர் படிச்சிச் சொன்னாரு. அத்த ஒழிக்கிற ஆப்புன்னு ஆளாளுக்கு ஒண்ணு ஏத்திக் குடுத்தாங்க. இப்ப வீடியோ கால் தொறந்தா பட்டுனு மூடிக்குது.”

“வீடியோ வரலைன்னா சும்மா கால் பண்ணிப் பேச வேண்டியதுதானே?” எரிந்து விழுந்தேன்.

“எம் பொண்ணுக்குக் காது கேக்காதும்மா. மெட்ராஸ்ல காலேஜ் படிக்குது. எனக்கு எழுதப் படிக்க வராது. நாங்க கையாலதான் பேசிக்குவோம்.”

கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன்.

வீடியோ கால் எப்போதாவது திறந்தபோதும் அவள் பேசவில்லையாம். முகம் பார்த்துப் பேசினால் மகளின் போனுக்கும் வைரஸ் தொற்றிவிடும் என்று பயந்து, போனை அணைத்து வேப்பிலையில் கட்டி வைத்துவிட்டாள். ஒரு வாரமாயிற்று. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் மெசேஜ் அனுப்பியும் மகள் அன்பரசி நம்பவில்லை. “மூஞ்சியக் காட்டலன்னா எப்பிடி நம்பும்? இன்னிக்கு பஸ் ஏறிடுவேன்னு அவருக்கு எழுதிக்கீது. நாளைக்கு அதுக்குப் பரீட்சைம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திறந்து பார்த்தேன். வைரஸை விரட்டுகிறோம் என்று ஐந்து ஆப்கள் இடத்தை அடைத்துக்கொண்டு, விளம்பரமாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு எழுத்தும் அப்படி ஒரு விளம்பரம்தான்.

“காவலுக்கு வெச்ச ஆளுங்களே வூட்ட அடைச்சிக்கினு கீறாங்கக்கா. உம் பொண்ணுக்கு ஒண்ணும் தொத்தாது.”

ஐந்தையும் தூக்கினேன். வீடியோ ஆப்பை அப்டேட் செய்து, போனை அணைத்து மறுபடி போட்டேன். அவளுக்கு இரண்டு கையும் வேண்டுமே, அதனால் பக்கத்தில் நின்று நானே நீட்டிப் பிடித்தேன். கால் போனது. மூடிக்கொள்ளவில்லை.

ஹாஸ்டல் அறையில் அன்பரசி தோளில் பையோடு தெரிந்தாள். அம்மாவைக் கண்டதும் பை நழுவியது; போனை மேசையில் சாய்த்து வைத்தாள்.

அப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! நான்கு கைகள் ஒரே நேரத்தில் பேசின. ராணியம்மாள் நெற்றியில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, கீழே சின்னதாக ஒரு துள்ளல் காட்டினாள். ஆடு குட்டி போட்டிருக்கிறது, எனக்கே புரிந்தது! வேப்பிலைக் கதையைக் காட்டியதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே பஸ் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. பேசியே பிழைக்கிற நான், இப்படியும் பேச முடியுமா என்று சிலிர்த்துப்போய் நின்றேன்.

நடுவில் அன்பரசி என் பக்கம் விரல் நீட்டினாள். ராணியம்மாள் புருவத்தை நெரித்து, கன்னத்தை உப்பிக் காட்டினாள்.

“இன்னாக்கா சொன்ன?”

“எங்க பேச்சுல ஆளுக்கொரு பேரு உண்டும்மா. உனக்குக் கோவக்காரின்னு...” என்று நெளிந்தாள்.

அன்பரசி தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு கையை முன்னால் நீட்டி, போனை ஆடாமல் ஏந்தியிருப்பதுபோல வைத்து, என்னைச் சுட்டிக் காட்டினாள். பிறகு பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, புத்தகத்தை எடுத்தாள்.

என் கை மரத்துப்போயிருந்தது. இறக்க மனம் வரவில்லை.