பல்லேகமவில் கவசம் போட்டவர் யார்?

“பல்லேகமயில யாரு, தங்கச்சி, கவசம் போட்டுக்கிட்டுத் திரியிறது?”

சார்ஜன் பதுர்தீன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஜஸ்லா காயப்போட்ட மிளகாயை விட்டுவிட்டு எழுந்தாள். அவள் புருஷன் அப்துல் ஸமத் நேற்று மாத்தளைக் கடையில் தோட்டா வாங்கப் போய், “இரும்புக் கவசத்தையும் துளைக்கிற தோட்டா ஈக்கா?” என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் இல்லை என்று கையை விரித்தார். அவன் பஸ் ஏறுமுன் பொலிஸுக்கும் சொல்லிவிட்டார்.

துவக்கு லைசனை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பொலிஸ் நல்ல வார்த்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் துவக்கு ஸ்டேஷனுக்குப் போகும், கதிர் முற்றி நிற்கிற சோளம் பன்றிக்குப் போகும். ஜஸ்லா அவசரமாகச் சொன்னாள்:

“மனுஷனுக்கில்ல சேர். பண்டிக்கு.”

“பண்டி கவசம் போடுதா?”

“போடுது,” என்றான் ஸமத், உள்ளிருந்து வந்தபடி. “சேத்துல பொரளும். பொறகு கெக்குன மரத்துல ஒரசிப் பிசினப் பூசிக்கும். காஞ்சா பலகைதான். ரெண்டு போகமா சுடுறன், ஒண்டும் விழல்ல. ஃபோன்ல அந்தத் தோட்டாவப் பத்தி ஒரு வீடியோ வந்திச்சு. கேட்டுப் பார்ப்பமேண்டு கேட்டன்.”

சார்ஜன் தொப்பியைக் கழற்றினார். அதட்ட வந்த முகத்தில் இப்போது வேறு ஆசை. “அந்த மரத்தக் காட்டுங்க பாப்பம்.”

மரம் சோளத்தின் ஓரத்தில் நின்றது. இடுப்பளவு உயரத்துக்குப் பட்டை தேய்ந்து மினுங்கியது. பிசினும் சேறும் கலந்த கட்டியொன்று, கறுத்த மயிரோடு அதில் ஒட்டியிருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் விரலும் நீளவில்லை.

“எடுங்களன் ஸமத்.”

“நீங்கதான சேர் விசாரிக்க வந்தீங்க.”

“நானும் முஸ்லிம்தான் மனுஷா.”

ஜஸ்லாவுக்குச் சிரிப்பு முட்டியது. வரப்பில் போய்க்கொண்டிருந்த பக்கத்து வளவு இருளாண்டியைக் கூப்பிட்டாள். அவன் வந்து கட்டியைப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டிக் காட்டினான்.

“இதுவா கவசம்? பொறை பிஸ்கட்டு மாதிரி நொறுங்குதுங்களே.”

“அப்ப எங்கட குண்டு ஏன் துளைக்கல்ல?” என்றான் ஸமத்.

“தொளைச்சிருக்குங்க நானா. போன போகத்துல பாழுங்கெணத்துல விழுந்து செத்தத நாந்தானே அறுத்தேன். தோலுக்கு அடியில, கொழுப்புல பூரா உங்க குண்டுதான். ஆழமாப் போகல, அம்புட்டுத்தான்.”

“இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

“பன்னிப் பேச்ச எடுத்தாலே மொகத்தச் சுளிப்பீங்க. நான் எங்க போயி சொல்றது?”

ஸமத் இரவில் காவலிருந்து சுடுகிற பரண் எங்கே என்று சார்ஜன் கேட்டார். வயலின் மறுகோடியை ஸமத் காட்டினான். அங்கிருந்து மரம் ஒரு விரல் பருமனில்தான் தெரியும்.

“இவ்வளவு தூரத்துல இருந்து சுட்டா குண்டு சோர்ந்துதான் வந்து சேரும். கிட்டப் போறதுக்கென்ன?”

ஸமத் தரையைப் பார்த்தான். ஜஸ்லாதான் சொன்னாள்: “பண்டி ரத்தம் தெறிச்சா ஏழு தரம் கழுவணுமே சேர், அதுல ஒரு தரம் மண்ணால. சுபஹுத் தொழுகை நேரத்துல சள்ளையாம்.”

சார்ஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பரணிலிருந்து மரத்துக்கும், மரத்துக்கு அப்பாலும் கையை நீட்டினார்.

“நீங்க கேட்டது படைக்காரங்கட ரைபிள்ல போடுறது. உங்கட துவக்குக்குள்ள அது போகாது. எந்த லைசனுக்கும் அத விக்க மாட்டாங்க. சும்மா போகுதெண்டு வைங்க. பண்டியத் துளைச்சிட்டு எங்க போய் நிக்கும்?”

நால்வரும் அந்தக் கை காட்டிய வழியே பார்த்தார்கள். மரத்துக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரையின் மேல் புகை எழுந்துகொண்டிருந்தது.

“அது எங்க அடுப்படிங்க,” என்றான் இருளாண்டி மெதுவாக. “கமலாட்சி உள்ளதான் இருக்கா.”

ஸமத்தின் முகம் வெளுத்துவிட்டதை ஜஸ்லா பார்த்தாள். இத்தனை நாளும் அந்தத் திசைக்குத்தானே சுட்டுக்கொண்டிருந்தான். குண்டு பாதி வழியில் சோர்ந்து விழுந்தது அவன் கெட்டித்தனத்தால் அல்ல.

“லைசன் விஷயம், சேர்...” என்று அவள் இழுத்தாள்.

“பரண் அங்க நிக்கும் வரைக்கும் நான் ஒண்டும் எழுத மாட்டன்.”

ஸமத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலின் மறுகோடிக்கு நடந்து, பரண் கால்களின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். இருளாண்டி பின்னாலேயே போனான்.

“மலையப் பார்த்தாப்புல வைங்க நானா, அங்குட்டு வீடு எதுவும் இல்ல. எடம் நான் காட்டுறேன்.”

சார்ஜன் வரப்பில் உட்கார்ந்தார். ஜஸ்லா முந்தானையைச் செருகிக்கொண்டு, பரண் தடியின் மறுமுனையைத் தூக்கப் போனாள்.