ஃபேன் போடாத அமைதி

அரியலூர் மாவட்டப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: வரதராஜன்பேட்டை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போன பள்ளிக்கூடங்களையெல்லாம் நடுநடுங்க வைத்த திருவாளர் பெனடிக்ட் அவர்கள், மன அமைதி கண்டுவிட்டார்.

கண்ட இடம் கூடத்து மேஜை. பி.பி. ஏறிக்கொண்டே போகிறது, மனசுக்கு இதமாக ஏதாவது கைவேலை பாருங்கள் என்று டாக்டர் சொல்லப்போய், கனடாவிலிருந்து மகன் செபஸ்டின் ஒரு பெட்டி அனுப்பினான். தூண்டில் முள்ளைக் குட்டி இடுக்கியில் மாட்டி, அதன்மேல் நூலும் சேவல் இறகும் சுற்றிச் சுற்றி ஈ மாதிரி ஆக்க வேண்டும். அந்த ஊர் மீன்கள் நிஜ ஈ என்று நம்பிக் கடிக்குமாம். சுற்றச் சுற்ற மனசு அடங்குமாம்.

அடங்கத்தான் செய்தது. சாம்பாரில் உப்பு பற்றிப் பேச்சே இல்லை. அவர் மனைவி விண்ணரசி, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒரேயொரு சங்கடம். இறகு ஊதினாலே பறக்கும். அதனால் ஃபேன் போடக் கூடாது. ஜன்னலும் கூடாது, திறந்தால் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி வேறு. நடப்பதோ சித்திரை மாதம். விண்ணரசிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"காத்த வெளியில தேடக் கூடாது விண்ணரசி. உள்ளுக்குள்ள வீசணும்," என்றார்.

போனில் மகனிடம் சொன்னதற்கு, அப்பா டென்ஷன் ஆகாமல் பார்த்துக்கொள்ளும்படி அவன் புத்தி சொன்னான். அவருக்கு ஏதாவது ஆனால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். சுவிட்சைத் தொடாமல், அடுப்படியில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டாள். அந்தக் காற்று கூடம்வரை வருகிறது, கதவைச் சாத்து என்றார்.

அமைதி மிஞ்சிப்போனால் அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. பெரம்பலூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களை வரவழைத்தார். அவர்களுடைய சங்கத் தலைவர் அருள்முருகனோடு ஒரு வேன் நிறைய வந்து கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. பெனடிக்ட் பொறுமையைப் பற்றி, மூச்சைப் பற்றி, விரல்நுனியில் வந்திறங்கும் இறைவனைப் பற்றிப் பேசினார். சட்டைகள் முதுகோடு ஒட்டின. இதற்கு விரால் மாட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, மீன் என்பது வெறும் சாக்கு என்று பதில் வந்தது.

விண்ணரசி டீ கொண்டுவந்தாள், கொதிக்கக் கொதிக்க. அருள்முருகனின் நெற்றி வியர்வை தம்ளருக்குள் சொட்டியது. அவர் அதையும் சேர்த்துக் குடித்தார். அவள் தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போய் சுவிட்சைப் போட்டு, ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பினாள்.

இறகெல்லாம் எழும்பிக் கூடத்தைச் சுற்றின.

"யாரக் கேட்டுடி போட்ட? நிறுத்து அத!"

பழைய குரல், பழுதில்லாமல் கோயில் வாசல்வரை கேட்டது. விருந்தாளிகளுக்கு மட்டும் கேட்டதாகத் தெரியவில்லை. அத்தனை பேரும் கண்ணை மூடி முகத்தை மேலே காட்டிக்கொண்டிருந்தார்கள். அருள்முருகன் மீசையில் ஒரு சேவல் இறகு வந்து உட்கார்ந்தது; அவர் தட்டிவிடவில்லை.

"இப்பத்தான் சார்," என்றார் கண் திறக்காமலே, "நீங்க சொன்ன அமைதி வருது."

யாரும் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தவில்லை.