அக்கா வீட்டுக்கு மேலே உள்ள காற்று

மதியம் ஒன்றரைக்கு எங்கள் கருவி அக்கா வீட்டுக்கு மேலே போகும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு செயற்கைக்கோளின் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு, கீழே காற்றில் எவ்வளவு நஞ்சு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. அது அனுப்பும் எண்களை வாங்கி வரைபடமாக்குவது என் பிழைப்பு. சுத்தமான காற்றுக்கு நீலம், கெட்டதற்குச் சிவப்பு. சாப்பிட்ட மயக்கத்தில் திரையைப் பார்த்தால் கடலும் மலையும் மேகமும் பட்டை பட்டையாக நகரும். நாற்காலியோடு நானும் மிதப்பேன். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று இருக்கும்.

போன வருடம் அந்த வீட்டை வாங்கும் முன் அக்கா கேட்டாள். "பக்கத்துல ஆலை இருக்குடி. பிள்ளைக்கு வேற இளைப்பு. மேல இருந்து பாத்துச் சொல்லேன்."

மாதச் சராசரியைப் பார்த்தேன். நல்ல நீலம். "கண்ண மூடிக்கிட்டு வாங்குக்கா" என்றேன். அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அத்தான், "எங்க மச்சினி வானத்துல இருந்தே பாத்துட்டா" என்று வாயை அடைத்துவிடுவார்.

இன்று பழைய புரோகிராமை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி. சாட்சாத் என் கைவேலை. மேலே போன புதிதில் கருவி கன்னாபின்னாவென்று எண்களை அனுப்பியது. ஓர் அளவுக்கு மேல் போனால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடு, சராசரியில் சேர்க்காதே என்று எழுதிவைத்தேன். ஒரே வாரத்தில் கருவி தெளிந்துவிட்டது. வரியை எடுக்க மறந்தேன். மூன்று வருடமாக, காற்று மிகவும் கெட்டுப்போன நாள்களையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்ல நாள்களை மட்டும் கூட்டி வகுத்து நீலம் பூசியிருக்கிறேன்.

வரியை நீக்கி மறுபடி ஓடவிட்டேன். அக்கா இருக்கும் வட்டாரம் மெல்ல மெல்லச் சிவந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது, பாழாய்ப் போக.

போன் செய்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். அங்க காத்து நல்லா இல்ல. அன்னைக்கும் நல்லா இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொன்னேன்னுதான்டி," என்றாள் நிதானமாக, "நல்ல காத்து படட்டும்னு அவனைச் சன்னலோரமாவே படுக்க வெக்கிறேன்."

போனை அவன் படுத்திருந்த கட்டிலிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். ஒரு சன்னல் சாத்தும் சத்தம். அப்புறம் இன்னொன்று. ஆலையின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடைசிச் சன்னலும் மூடியபின், பிள்ளை மூச்சு இழுப்பது மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.