ஹெட்போன் வீட்டில் இருக்கிறது

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, என் மகளுக்கு ஆட்டிசம் இன்னும் இருக்கிறதா என்று உதவித்தொகை ஆபீசில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏதோ ஜலதோஷம், போயிருந்தாலும் போயிருக்கும் என்கிற மாதிரி. அவளுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் மகாராணி என்று கூப்பிடுவோம். அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், சொன்ன சொல் சொன்னபடி நடக்க வேண்டும். அவளிடம் எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்வதில்லை.

அந்த உதவித்தொகையில்தான் அவள் பகலில் போகும் மையத்துக்குப் பணம் கட்டுகிறோம். அது நின்றால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக், அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. யார் விட்டாலும் குடும்பம் படுத்துவிடும். அதுகூடப் பெரிதில்லை. போன வருஷம் பெயின்ட் அடிக்க மையத்தை ஒரு வாரம் மூடினார்கள்; மூன்றாம் நாளே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரரும் என்னைப் போல ஒரு அப்பா. மகனுக்காக அப்பீலுக்கு வந்திருந்தார். போன தடவை பையன் சமர்த்தாக உட்கார்ந்திருந்தானாம், அதனாலேயே கைகழுவி விட்டார்களாம். என் மகள் மாட்டியிருந்த ஹெட்போனைக் கண்ணால் காட்டினார். அது பாட்டு கேட்பதற்கு இல்லை, சத்தம் கேட்காமல் இருப்பதற்கு.

"அதக் கழட்டிடுங்க சார். உள்ள போய் ஒரு கத்து கத்தினா போதும். கத்தாத பிள்ளைக்கு இங்க ஒண்ணும் கிடையாது."

எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் நம்பர் கூப்பிட்டதும் கழற்றச் சொன்னேன். கழற்றியதை வழக்கப்படி அவளே என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே மேசையை ஒட்டி ஒரு பிரின்டர் கரகரவென்று எதையோ கக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு ஜென்ம விரோதி. அதன் பக்கத்து நாற்காலியில்தான் அவளை உட்கார வைத்தேன். பாவி நான், வேறென்ன சொல்ல.

அதிகாரி சின்னப் பெண். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிக்காக மையத்தில் ஒரு வருஷம் உயிரை விட்டிருந்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

மகளின் கழுத்து விறைத்தது. கத்து தாயே, ஒரே ஒரு தடவை கத்து என்று மனசுக்குள் கும்பிட்டேன். எந்தத் தகப்பன் இப்படிக் கும்பிடுவான்?

அவள் கத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஹெட்போன் வேணும்."

கத்தாமல் வாயால் கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

"வீட்ல இருக்கும்மா," என்று முணுமுணுத்தேன்.

பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

லிஃப்டில் ஆள் அதிகமானால் மணி அடிக்கும். தொல்லையாக இருக்கிறது, மணியைக் கழற்று என்று சொல்கிறவர்களை நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பேன். என் மகளிடம் அந்த மணியைக் கழற்றி வைத்தவன் நானே. மேசைக்கு அடியில் அவள் நகம் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன், ரத்தம் கசிந்திருந்தது.

"இதப் பாருங்க மேடம்."

"டென்ஷன்ல எல்லாருந்தானே சார் செய்வாங்க. வேணுங்கறத வாயத் திறந்து கேக்கறாங்க, இல்லைன்னா ஏத்துக்கறாங்க. நல்லா வளத்திருக்கீங்க."

நல்லா வளர்த்ததால் பாதிப்பு மதிப்பெண் தகுதிக்குக் கீழே போய்விட்டதாம். இந்த மாதத்தோடு சரி. அப்பீல் செய்யலாம், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மையத்துக்கு என்ன வழி என்றால், அது எங்கள் பிரிவு இல்லை என்றார். வாய்க்கு வந்தபடி கத்தினேன். காவலாளி வந்து தோளைப் பிடித்து வெளியே நடத்தினார். அந்த அறையில் அன்றைக்குக் கத்தியது நான் ஒருவன்தான். எனக்காவது உதவித்தொகை உண்டா என்று கேட்டிருக்கலாம்.

தெருவில் ஒரே ஹார்ன் சத்தம். ஒரு பக்கம் ரோட்டை வேறு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் பையைத் திறந்து ஹெட்போனை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"அது வீட்ல இருக்கு," என்றாள்.

இல்லையம்மா, அப்பா பொய் சொல்லிவிட்டேன், இதோ இருக்கிறது பார் என்றேன். கெஞ்சினேன். அவளுக்கு அப்பா சொன்னால் சொன்னதுதான். இரண்டு பஸ் மாறி வீடு வரும்வரை இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். ஹெட்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கூடவே வந்தேன்.

கதவைத் திறந்ததும் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் அதை வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டினேன். நேராக வந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.