வையாத முதற்பிடி

கற்றறிந்த அன்பரே, பாலத்தைப் பார்க்கவென்றே ஊர் திரண்டு வருவதை எங்கேனும் கண்டதுண்டோ? அக்கரையில் அலுவல் உள்ளவன் கடந்து செல்வதற்காக அமைந்தது பாலம். நடுவில் நின்று பொரி கொறிப்பதற்கும், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பல்லைக் காட்டி நிழற்படம் எடுத்துக்கொள்வதற்கும், வெற்றிலைச் சாற்றை நீரில் உமிழ்ந்துவிட்டு அது விழுகின்ற அழகைக் குனிந்து நோக்குவதற்குமா அதனைக் கட்டினார்கள்? முதியவன் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்ட காலம் போய், மணியை அடித்து அவனையே ஒதுங்கச் செய்யும் காலம் வந்துவிட்டது. இவ்வாறெல்லாம் முனகிக்கொண்டு, மைசூர் நகரின் புறத்தே விரிந்து கிடந்த பேரேரியின் கரையில், ஊன்றுகோலைப் பாலத்தின் முதற்கல்லில் வைக்கவும் மனமின்றி எடுக்கவும் மனமின்றி நின்றிருந்தான் சித்தையன் என்னும் கிழவன்.

பொழுது சாயும் வேளை அது. சாமுண்டி மலையின் தோள்மீது இளமஞ்சள் வெயில் துவண்டு கிடந்தது. தொலைவில் அரண்மனைக் குவிமாடங்கள் தணலில் இட்ட செம்பென ஒளிர்ந்தன. நாணல் அடர்ந்த கரையினின்றும் நாரைகள் எழுந்து, வட்டமிட்டு, மீண்டும் நாணலுக்கே திரும்பின. அந்நீரின் குறுக்கே, அரண்மனை வளைவுகளைப் பார்த்துச் செய்தாற்போன்ற கல்வளைவுகள் ஒன்றன் தோளை ஒன்று பற்றி நடக்க, உந்து வண்டிகளுக்கு இடமின்றி நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் மட்டுமே உரியதாய் நீண்டிருந்தது அப்புதுப்பாலம். திறந்து ஓராண்டு நிறையுமுன்னரே வெளியூரார் வழிகேட்டு வந்து காணும் சிறப்பை அது பெற்றிருந்தது. அதன் அழகைக் கிழவனால் மறுக்க இயலவில்லை. மறுக்க இயலாமையினாலேயே அதனை இன்னும் மிகுதியாக வெறுத்தான்.

அவன் மகன் வேலாயுதம் மாண்டது இப்பாலத்தின் கீழே. காவிரிக் காட்டோரத்துக் கோபிநத்தத்தில் பிறந்து, மேட்டூர்ப் பக்கம் கட்டட வேலை பழகி, தமிழன்றி வேறொன்றும் நாவில் படியாதவனாய் மைசூருக்கு வந்தவன் அவன். வந்த சின்னாட்களிலேயே, நடுவளைவைத் தாங்கியிருந்த முட்டுக்கட்டை பெயர்ந்து, மேலிருந்த பாரமெல்லாம் அவன்மேல் சரிந்தது. கையிலிருந்த கடப்பாரையால் அம்முட்டுக்கட்டையை அவனே அடித்துத் தள்ளினான் என்று வேலையிடத்தார் சொன்னார்கள். தான் நிற்கும் இடத்தின் முட்டுக்கட்டையைத் தானே தட்டிவிட என் மகன் என்ன பித்தனா என்று கேட்டான் கிழவன். பெரிய பாலம் நிலைக்க வேண்டுமென்று பெற்றவள் அருகில் இல்லாத பிள்ளையாகப் பார்த்துக் காவு கொடுத்துவிட்டார்கள் என்பதே அவன் கொண்ட முடிவு. அவர்கள் குடியில், தந்தை உயிரோடிருக்க மகன் மாண்டால், படையலின் முதற்பிடிச் சோற்றைத் தந்தையே வைத்தல் வேண்டும். அவன் வையாதவரை மற்றெவரும் வைத்தல் ஆகாது. கொன்றவன் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் வரையில் வைக்கமாட்டேன் என்று கிழவன் கையை இறுக மூடிக்கொண்டான். ஆகவே மாண்டவன் இரண்டு ஆண்டுகளாகப் பட்டினி கிடந்தான்.

அந்தப் பட்டினியைத் தாங்கமாட்டாமல் கிழவனை இன்று இங்கே அழைத்து வந்தவள் வேலாயுதத்தின் மனைவி சொர்ணலதா. ஊதுவத்தி உருட்டிக் கரிபடிந்த விரல்களால் இலைப்பொதி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி, முன்னே சென்று திரும்பி நின்றாள்.

"வாங்க மாமா. பாலம் ஒண்ணும் கடிச்சுப்போடாது."

"கடிச்ச பாலந்தான அம்மிணி இது? தின்னுபோட்டுச் சும்மா படுத்திருக்குது பாரு, வயிறு ரொம்புன மலைப்பாம்பாட்டம்."

எனினும் அவன் நடந்தான். நடுவளைவை அடைந்ததும் அவள் நின்று, கீழே நீருக்குள் இறங்கியிருந்த தூணைக் காட்டினாள். அடிபட்டதன் சுவடு, கறை, கீறல், ஏதேனும் ஒன்று இருக்குமென்று அத்தனை காலமும் எண்ணியிருந்த கிழவன் குனிந்து நெடுநேரம் தேடினான். கல் வழுவழுப்பாக இருந்தது. பாசி படர்ந்திருந்தது. அதன்மேல் ஆமை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா, கௌரக்கா இருக்காங்கல்ல, இங்க மண்ணு சொமந்தவங்க? எங்க ஊதுவத்திக் கொட்டாயிக்குத்தான் இப்ப வேலைக்கு வர்றாங்க. அன்னிக்கு அவங்க பக்கத்துலதான் நின்னாங்களாம். முட்டு நழுவறதப் பாத்துட்டு மேல இருந்த மேஸ்திரி, ஹிடி ஹிடின்னு கத்துனாராம். கன்னடத்துல பிடின்னு அர்த்தமுங்க. அந்த ஆளு கொள்ளேகாலத்துப் பக்கம். ஹகாரம் வாயில நிக்காது. உங்க மகனுக்கு இடின்னு கேட்டுருக்குது. இடிக்கச் சொல்றாருன்னு கடப்பாரையால ஒரே போடு போட்டுட்டாருங்க. யாரும் கொல்லலீங்க மாமா. கத்துனவரு காப்பாத்தத்தான் கத்துனாரு."

கிழவன் சிரித்தான். எள்ளலும் கசப்பும் கலந்து இருமலில் முடிந்த சிரிப்பு அது.

"ஒரு எழுத்துல ஒரு ஆளு செத்தானா? நல்லா முடிஞ்சாங்க முடிச்சு! ஏம்புள்ள, காலம் பூரா ராமாபுரம் சந்தையில கன்னடத்தானுங்ககூட மல்லுக்கட்டுனவன் நானு. ஹிடி எது, இடி எதுன்னு தெரியாதா எனக்கு? அவன் எம்மகன். எங்காதுதான் அவனுக்கு."

"உங்க காது சந்தையில பழகுன காதுங்க மாமா. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லீங்களே."

"கௌரம்மா சொன்னாளாம், இவ நம்பிட்டாளாம். நாலு பேரு கூடிக் கட்டுன கதை. பாலம் கட்டத் தெரிஞ்சவனுக்குக் கதை கட்டத் தெரியாதா?"

அவள் கைப்பிடிச் சுவரின்மேல் இலையை விரித்தாள். உள்ளே வெண்சோறும், வேலாயுதம் விரும்பி உண்ட கொள்ளுப் பருப்பும் இருந்தன. "சண்டை அப்பறம் போட்டுக்கலாமுங்க. ஒரே ஒரு பிடி வச்சுருங்க. பசியோட நிக்கறாருங்க," என்றாள். சோற்றைப் பார்த்த கிழவனின் முகம் ஒருகணம் இளகியது. வலக்கை தானே அசைந்து இலையை நோக்கிச் சென்றது.

அவ்வமயத்தில், பாலத்தின் மறுகோடியினின்றும் ஓர் ஆரவாரம் எழுந்தது. மஞ்சுநாத் என்னும் இளைஞன் தன் மனைவி பிரதிபாவுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் ஓடி ஓடிக் களைக்க, அவளோ, "விடாதீங்க, விட்டா உங்க அம்மாகிட்டச் சொல்வேன்!" என்று கன்னடத்தில் கூவ, கண்டோர் நகைத்துக்கொண்டிருந்தனர். அவன் கை வழுக்கியது. வண்டி தனித்து விரைந்து, வளைந்து வளைந்து, கைப்பிடிச் சுவர் தாழ்ந்திருந்த இடத்தை நோக்கி, கிழவன் நின்ற பக்கமாகவே பாய்ந்து வந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த மஞ்சுநாத் கிழவனைத் தாத்தா என்று விளித்துக் கன்னடத்தில் கத்தினான். கத்திய சொல்லில் முதலெழுத்தை இரைப்பு விழுங்கிவிட, எஞ்சியதே காற்றில் வந்தது:

"அஜ்ஜா! இடி! இடி!"

கிழவனின் ஊன்றுகோல் உயர்ந்தது. ஓங்கி வண்டியின் முகத்தில் இடித்தது. வண்டி கவிழ, பிரதிபா கல்தரையில் உருண்டு முழங்கை சிராய்த்து எழுந்தாள். சுவர்மேல் இருந்த இலை சரிந்து, சோற்றில் ஒரு பாதி ஏரியில் விழுந்தது. மீன்கள் அதன்மேல் மொய்த்தன.

"ஏன் அஜ்ஜா! ஹிடீரி அந்த்ரெ ஹொடீத்தீரல்லா!" என்று பதறினான் மஞ்சுநாத். பிடியுங்கள் என்றால் அடிக்கிறீர்களே என்று அவன் கேட்ட கேள்வி, அங்கிருந்தோர் எல்லார்க்கும் விளங்கியது.

சொர்ணலதா அப்பெண்ணைத் தூக்கி நிறுத்தி, முழங்கையின் மண்ணைத் தன் முந்தானையால் துடைத்து அனுப்பினாள். பிறகு கிழவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை. இரண்டாம் முறையும் கைம்மை எய்தியவளைப் போல் நின்றாள்.

"மாமா, இப்பக் கேட்டுச்சுங்களா?"

கிழவன் கோலை இரு கைகளாலும் பற்றினான். அவன் உதடுகள் ஓசையின்றி இருமுறை அசைந்தன. ஒருமுறை அச்சொல்லை ஹகாரத்தின் மூச்சோடும், ஒருமுறை மூச்சின்றியும் சொல்லிப் பார்த்தானோ என்னவோ, நாம் அறியோம். பின்னர் அவன் முகம் கதவடைத்தது போல் இறுகியது.

"கேட்டுச்சு. இடின்னுதான் சொன்னான். எங்காதால கேட்டேன். அன்னிக்கும் இப்படித்தான் சொல்லியிருக்கானுங்க, தெரிஞ்சே சொல்லியிருக்கானுங்க. நான் சொன்னது சரியாப் போச்சா?"

"மாமா..."

"காவுதான் அம்மிணி. காவேதான்."

அவன் திரும்பி நடக்கலானான். வந்தபோது வழிவிடாத கூட்டம் இப்போது தானே விலகியது. அதற்கும் அவர்களை வைதுகொண்டே சென்றான்.

அன்பரே, வெறுப்பதற்கு ஒரு முகம் இருந்தவரையில், அந்த முகத்தை ஊன்றிக்கொண்டு அவன் இரண்டு ஆண்டுகள் நடந்துவிட்டான். அந்த முகத்தைப் பறித்துவிட்டு, உன் மகனைக் கொன்றது ஒரு மூச்சுக்காற்று என்று கூறினால், காற்றை எங்கே பிடித்து நிறுத்திக் கேட்பான்? உண்மை அவனுடைய கோல் நுனியில் வந்து நின்றது. அதையும் அவன் இடித்துத் தள்ளிவிட்டான்.

சொர்ணலதா எஞ்சிய சோற்றை இலையோடு மடித்துக் கட்டினாள். தன் கையால் வைக்க உரிமையில்லை. வைக்காமல் எடுத்துச் செல்லக் கால் எழவில்லை. மலையின்மேல் விளக்குகள் ஏற்றப்பட்டன. அவர்கள் வந்த கரையில் கிழவன் மண்ணில் இறங்கி, தலையை இடமும் வலமுமாய் ஆட்டி மறுத்தபடியே போய்க்கொண்டிருந்தான். ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்தொடர்ந்தாள். மகனுக்குரிய முதற்பிடி, எவர் கையும் படாமல், அவள் இடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது.