ஆமைப்பூட்டின் திறப்பு

குருநகர் ஐஸ் ஆலையில் எல்லோருடைய போனுக்கும் மின்பாதுகாப்புப் பயிற்சி வந்தபோது, மற்றவர்கள் படத்தை ஓடவிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். றெஜினா மட்டும் ஒழுங்காக இருந்து பார்த்தாள். இயந்திரம் கழுவுகிறவளுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும். சுவிட்சை நிறுத்தி, வேறொருவரும் போடாதபடி அதில் உன் ஆமைப்பூட்டைப் போட்டு, பூட்டின் திறப்பை உன்னிடமே வைத்திரு என்றது படம். திறப்பை யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு ‘ஒருவரிடமும் கூடாது’ என்பதை அழுத்தினாள். சரி வந்தது.

படம் எடுத்தவர்களுக்கு என்ன, அவர்களுக்கு ஞானத்தகப்பன் இல்லை. றெஜினாவுக்கு இருந்தார். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்ற சிமியோன்தான் ஆலையில் மேற்பார்வையாளர். இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அன்று ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு அவள் கழுவத் தொடங்க, சிமியோன் கையை நீட்டினார்.

“திறப்பைத் தா பிள்ளை. போட்காரர் ஐசுக்குக் காத்துக்கொண்டு நிக்கினம். நீ முடிச்ச உடனை நான் சுவிட்சைப் போட்டுவிடுறன்.”

“குடுக்கக்கூடாதெண்டு அதிலை சொன்னவை, மாமா.”

“அப்ப என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

அதற்குமேல் எந்த வாயால் மறுப்பது? கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் போட்காரர் வெளியே சத்தம்போட, மனுசன் உள்ளே எட்டியும் பார்க்காமல் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். றெஜினாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் சிமியோன் அவளுடைய கட்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். “மாதாவாணை பிள்ளை, நான்தான் திறப்பை வாங்கினனான் எண்டு விசாரணையிலை சொல்லுறன்.” அவரைத் தேற்றியதும் அவள்தான். தேற்றினாளே, பைத்தியக்காரி!

விசாரணையில் முகாமையாளர் கேட்டதும் சிமியோன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“திறப்பு பூட்டிலையே கிடந்தது சேர். கழுவி முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன். உவ பயிற்சி முடிச்சவதானே, திறப்பைத் தன்னோடை வைச்சிருக்கவேணும்.”

“மாமா!” என்றாள் றெஜினா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொடுத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. விரல் போனபோதுகூட அவளுக்கு இப்படி நோகவில்லை. கவனக்குறைவு அவளுடையது என்று முடிந்தது. திரும்ப வேலைக்கு வருவதென்றால் பயிற்சியை மறுபடியும் செய்ய வேண்டுமாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, இடது கையால் போனைத் தட்டித் தட்டி திறப்பை யாரிடம் கொடுக்கலாம் என்ற அந்தக் கேள்விவரை வந்துவிட்டாள். அப்போது வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. தோடம்பழப் பையோடு சிமியோன்.

“பிள்ளை, மாமா வந்திருக்கிறன்.”

றெஜினா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். இடது கைக்குப் பழக்கமில்லாத வேலை. திறப்பு இரண்டுதரம் வழுக்கியது. பூட்டி முடித்ததும் அதைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.