விடாதடி என்று கத்தினேன்

என் மகள் ஹாக்கி மட்டையைத் தொட்டு நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் நான் நிம்மதியாக இருந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. அவள் தடுப்பாட்டக்காரி. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் என்று கோலடிக்க ஒரு வாய்ப்பு கிடைத்தால், கோலிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து, அடிக்கப்போகிறவளின் எதிரே ஓட வேண்டியவள் அவள்தான். கல்லு மாதிரி வருகிற பந்தைக் கண்டால் புத்தியுள்ள பிள்ளை விலகும். நான் பெற்றது அதை நோக்கி ஓடும். அணியில் அவளுக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் வைத்தது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூட்டைத்தானே எல்லாரும் உடைக்கப் பார்ப்பார்கள்?

நான் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் எடுத்தனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்து, அதற்கு அளவாகப் பல் செய்வோம். இவர்கள் அணியில் ஒவ்வொரு பிள்ளையும் வாயில் மாட்டிக்கொள்ளும் காப்பு என் கையால் செய்ததுதான். அடிபட்ட வாய் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவள் அப்பா மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். "ரத்தம் வந்தா மட்டும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். பெரிய தைரியசாலி. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உயிர் போய் உயிர் வருவதெல்லாம் எனக்குத்தான்.

அன்று அரையிறுதி. தோற்றாலும் பரவாயில்லை, இவள் ஆடுகிற ஆட்டத்துக்கு மாநில அணித் தேர்வு முகாமுக்குப் பெயர் போவது உறுதி என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகாம், முகாம் என்று அதே பேச்சு.

எதிரணியில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்ட பெண் ஒருத்தி. நல்ல உயரம், நல்ல ஓட்டம். குறும்பும் அதே அளவு. முதல் பாதியிலேயே இரண்டு தடவை இவள் விரல்மேல் மட்டையால் தட்டினாள். நடுவர் கண்ணில் படவில்லை. இடைவேளை முடிந்து வந்ததும், பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போன பிறகு, இவள் கணுக்காலில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அந்தச் சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. நடுவர் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

என் மகள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மட்டையை ஊன்றி எழுந்தாள். இரண்டு எட்டு நொண்டினாள். நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள். ஆட்டம் நடக்கும்போது அவள் என்னைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அம்மா வந்திருக்கிறாள் என்பதையே மறந்து ஆடுகிறவள். அந்தப் பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"விடாதடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுற்றிலும் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

அடுத்த இரண்டு நிமிடம் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. ஒன்பதாம் நம்பரையும் இவளையும்தான் பார்த்தேன். அந்தப் பெண் மூச்சு வாங்க வாய்க்காப்பைக் கழற்றிக் காலுறைக்குள் செருகியிருந்தாள். பந்து உருண்டு வந்தது. அவள் குனிந்தாள். என் மகள் பக்கவாட்டிலிருந்து வந்தாள். மட்டை மேலே போய் இறங்கியது. மரக்கட்டையைத் தட்டினாற்போல ஒரு சத்தம். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி, 'நல்லா வேணும்' என்று எனக்குள்ளே இருந்தது. அடுத்த நொடி என் தொழில்புத்தி வேலை செய்தது. மேல்வரிசை, முன்பல் இரண்டு, ஈறோடு போயிருக்கும். அதற்கப்புறம்தான் அதுவும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்று உறைத்தது. வேலியை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. உள்ளங்கையில் கம்பி பதிந்திருந்தது.

சிவப்பு அட்டை காட்டி இவளை வெளியே அனுப்பினார்கள். ஆட்டம் முடிந்ததும் என்னையும் விளையாட்டுப் பொருள்கள் வைக்கிற அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மேசை, நாலு நாற்காலி, மூலையில் பந்து மூட்டை. நடுவர் அம்மா முன்னால் ஒரு படிவம் இருந்தது. மாஸ்டர் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். என் மகள் கணுக்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கதவோரம், அடிபட்ட பெண்ணின் அப்பா. மகளை அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவள் பையை எடுக்க வந்திருந்தார். சட்டைத் தோளில் ரத்தக்கறை.

"வேணும்னே அடிச்சதுன்னா ஒரு வருஷம் தடை. பந்தை எடுக்கப்போய் பட்டுடுச்சுன்னா அடுத்த ஆட்டம் மட்டும் வெளியே உக்காரணும்," என்றார் நடுவர். "நான் பாத்த வரைக்கும் எப்படி வேணா இருக்கலாம். அவளும் வாயைத் திறக்க மாட்டேங்கறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நீங்க கத்தினது என் காதுல விழுந்துச்சும்மா. விடாதடின்னு. எதை விடாதேன்னீங்க?"

நம் பேச்சில் இது ஒரு வசதி. எதை, யாரை என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். முழுங்கினதை அப்புறம் சாவகாசமாக நிரப்பிக்கொள்ளலாம். மாஸ்டர் எனக்காக நிரப்பினார்.

"பந்தைத்தான் மேடம். இது எல்லாரும் கத்துறதுதானே? நானே ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துறேன், பந்தை விடாத, ஆளை விடாதன்னு."

"அவங்க சொல்லட்டும் சார்."

"சொல்லுங்கம்மா," என்றார் கதவோரம் நின்றவர். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முகாம் என் கண்முன் நின்றது. ஒரு வார்த்தை. யாராலும் நிரூபிக்க முடியாத ஒரு வார்த்தை.

"பந்தைத்தான்," என்றேன்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. நடுவர் எழுதத் தொடங்கினார்.

என் மகள் தலையைத் தூக்கினாள்.

"பந்தையாம்மா சொன்ன?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பூட்டு, நீ பேசாம இரு," என்றார் மாஸ்டர்.

அது அவள் காதில் ஏறவில்லை. "நான் வேற மாதிரி நினைச்சேம்மா. நீ அவளைத்தான்... நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? நீ பந்தைச் சொல்லி, நான்தான் அவ வாயை..." பனிக்கட்டிப் பை நழுவி விழுந்தது.

நடுவரின் பேனா நின்றுவிட்டது. முகாம் போய்விட்டது, அதை இனி யாராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் நான் மட்டும் தப்பிக்க இன்னும் வழி இருந்தது. நான் பந்தைச் சொன்ன நல்ல தாய், அவள் தப்பாகக் கேட்ட பிள்ளை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினாறு வயதில் அந்தப் பழியை அவள் தூக்கிச் சுமக்க ஆரம்பிப்பாள். எல்லாரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இல்லடி," என்றேன். "நீ தப்பாப் புரிஞ்சுக்கல. அவளைச் சும்மா விடாதேன்னுதான் சொன்னேன். அவளைங்கறதும் சும்மாங்கறதும்தான் வாயில வரல."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்றவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நடுவர் அம்மா எழுதியதை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினார்.

"ஒரு வருஷம்," என்றார். "முகாம் பட்டியல்ல இருந்தும் பேரை எடுத்துடுவாங்க. நீங்களும் இனி இந்த மைதானத்துக்குள்ள வரக்கூடாதும்மா."

சரி என்று தலையாட்டினேன். மகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுவாள், கத்துவாள், உன்னால்தான் எல்லாம் போச்சு என்பாள் என்று காத்திருந்தேன். அதற்கு என்னைத் தயார்செய்துகொண்டும் இருந்தேன்.

அவள் அழவில்லை. வெளுத்த முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. மூச்சை இழுத்து விட்டாள். கணக்குச் சரியாக வந்துவிட்ட பிள்ளையைப் போல என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்," என்றாள்.